பிஸ்கட் தகரத்தில் இருந்த கவிகள்

கோமாரியில் நமது அயல்வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற மாதம் பிஸ்கட் தகரமொன்றுடன் நம்மிடம் வந்தார். உள்ளே மூன்று பிளொப்பி வட்டுகள். 1992 இல் பயிற்சிக்காகக் கொழும்பில் தங்கியிருந்தபோது, தம் தாயார் பாடக்கேட்டு எழுதிய நாட்டுக் கவிகளை 'வேர்ட்ஸ்டார்' என்னும் மென்பொருளில் பதிந்துவைத்தாராம். அதிலே தமிழ் எழுத்து இல்லாமையால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்திலே தட்டியிருக்கிறார். கையெழுத்துக் கொப்பியை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோயிற்று. தாயாரும் இன்றில்லை. தகரம் மட்டும் கண்டியில் மகள் வீட்டிற் கிடந்து தப்பியது.

வேர்ட்ஸ்டார் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1982 இல் வெளியான '2010' நாவலை ஆர்தர் சி. கிளார்க் கொழும்பிலிருந்து அதிலேதான் எழுதி, ஒரேயொரு வட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசித் திருத்தங்கள் பாதுக்கை நிலையத்தினூடாகச் செய்மதிவழி சென்றன.

முதலில் வட்டுக்களைப் பிரதி செய்தோம். மூன்றரை அங்குல வட்டானால், யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் பிளொப்பிக் கருவி போதும். ஐந்தேகால் அங்குல வட்டுக்கு அது உதவாது. வட்டின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளித் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். அதன் பின் கணினி தவறியும் அதன்மேல் எழுதாது. கடற்காற்றுப்பட்ட வட்டு இன்னொரு முறை சுழலுமென்று யார் உத்தரவாதம் தருவார்?

பிரதியை இக்காலத்து மென்பொருளிலே திறந்தபோது ஆசிரியரின் முகம் வாடிற்று. சொல்தோறும் கடைசி எழுத்துச் சிதைந்து, ஏதோ குறியாய் நின்றது. பழைய வேர்ட்ஸ்டார் தன் வசதிக்காகச் சொல்லின் இறுதி எழுத்தில் ஓர் அடையாளம் இடும் வழக்கமுடையது. அதனை அறியாத புதிய மென்பொருள் வேறெழுத்தென மயங்குகிறது. 'அம்மா'வின் கடைசி எழுத்தும் அவ்வாறே போயிற்று.

இங்கேதான் எமுலேட்டர் துணைக்கு வந்தது. இது புதிய கணினிக்குப் பழைய கணினியின் வேடத்தைப் புனைவிக்கும் மென்பொருள். பழைய மென்பொருள் இடும் கட்டளை ஒவ்வொன்றையும் வாங்கி, அக்காலத்து இயந்திரம் எவ்வாறு நிறைவேற்றுமோ அவ்வாறே நிறைவேற்றிக் காட்டும். தான் வேற்று வீட்டிலிருப்பதைப் பழைய மென்பொருள் உணர்வதில்லை. 2002 இல் வெளிவந்த 'டொஸ்பொக்ஸ்' இவ்வகையில் பெயர்பெற்றது; இலவசமாகக் கிடைப்பது. கனடிய எழுத்தாளர் ரொபர்ட் ஜே. சோயர் 2024 இல், வேர்ட்ஸ்டாரின் ஏழாம் பதிப்பையும் கைநூல்களையும் எமுலேட்டருடன் ஒருங்குதிரட்டி யாவர்க்கும் வழங்கினார். விற்பனையாளர் கைவிட்ட பொருளை ஓர் எழுத்தாளர் காத்தமை நமக்கு வியப்பளிக்கவில்லை. அதன் அருமை அவர்க்கல்லவோ தெரியும்!

எமுலேட்டரில் திறந்தபோது சொற்கள் முழுமையாய் நின்றன. ஆசிரியர் திரையருகே குனிந்து, ஆங்கில எழுத்துக்களைத் தடவித் தடவித் தமிழாய்ப் படித்தார். நான்காவது கவியிலே வாசிப்பு நின்று பாட்டாயிற்று. நாம் எழுந்து தேநீர் போடப் போனோம்.

முதல் வட்டு முழுதும் கிடைத்தது, இரண்டாவதிற் பாதி. மூன்றாவதிலே வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. கருவி கறகறவென்று ஒலித்ததேயன்றி ஓரெழுத்தும் தரவில்லை. அதிலிருந்த கவிகளின் அடிகளை ஆசிரியர் இப்போது கோமாரியிலும் திருக்கோவிலிலும் முதிய பெண்மணிகளிடம் கேட்டு எழுதி வருகிறார், இம்முறை தமிழெழுத்தில்.