கடலில் நிற்கும் கெலோங்: பழுதுபார்ப்பது குடும்பம், பாதுகாப்பது யார்?

லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடு வைத்திருப்பவர் நினைத்த மாதிரி அதை இடித்துக் கட்டிவிட முடியாது. 1989இல் அந்த வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கெர்பாவ் ரோட்டில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் வண்ண வீடு, 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு, சீரமைக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

புலாவ் உபின் பக்கம் கடலுக்குள் நிற்கும் கெலோங்கின் கதை வேறு.

கெலோங் என்றால் என்ன?

கடலடிச் சேற்றில் மரக்கம்பங்களை வரிசையாக ஊன்றிக் கட்டும் மீன்பொறி. நீரோட்டத்தோடு வரும் மீன் கம்பவேலியில் முட்டும். வேலியை ஒட்டியே ஆழம் தேடிப் போய், கடைசி அறையில் மாட்டிக்கொள்ளும். இரவில் விளக்கைக் காட்டி வலையைத் தூக்குவார்கள். மேலே பலகைத் தளமும் குடிசையும் இருக்கும். மிதவைகளில் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் பண்ணைகளையும் நம்மில் பலர் கெலோங் என்றே சொல்கிறோம். அது வேறு, இது வேறு.

பழுதுபார்ப்பதில் என்ன சிக்கல்?

கம்பங்கள் பெரும்பாலும் நிபோங் பனை. உப்புநீரைத் தாங்கும் மரம்தான், ஆனாலும் கடல்நீரும் மரம் துளைக்கும் உயிரினங்களும் சும்மா விடுவதில்லை. ஒரு பக்கம் மாற்றி முடிப்பதற்குள் மறுபக்கம் ஆட ஆரம்பித்துவிடும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பழைய மரம் என்று சொல்ல அதிகம் மிஞ்சாது. அப்படியென்றால் எதைத்தான் பாதுகாக்கிறோம்? கம்பத்தை எங்கே ஊன்றுவது, நீரோட்டம் எப்படித் திரும்பும் என்ற அறிவைத்தான். அது ஒரு குடும்பத்துக்குள் கைமாறி வருவது.

உபினின் கிழக்குக் கரையில், செக் ஜாவாவில், 1930களில் கட்டப்பட்ட ஆங்கிலேயப் பாணி வீடு ஒன்று படகுத்துறையோடு இருக்கிறது. அது சீரமைக்கப்பட்டு வருகையாளர் நிலையமாக இயங்குகிறது. கெலோங்கோ முதலில் ஒரு மீன்பிடிச் சாதனம். அதற்கு வேண்டியது மீன்பிடி உரிமம். புதிய கெலோங்குகளுக்கு உரிமம் தருவது நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. மிச்சமிருப்பவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒன்று சரிந்தால் அந்த இடத்தில் இன்னொன்று வராது.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நமது கடற்பரப்பு குறுகலானது. கப்பல் போக்குவரத்து, நில மீட்பு, மீன் பண்ணை எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான்.

வேறு நாடுகளில்?

இத்தாலியின் அப்ருஸோ கடற்கரையில் டிரபோக்கி என்ற மர மீன்பிடி மேடைகள் உண்டு. அவற்றையும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களே கட்டிக்காத்தன. 1994இல் அந்த வட்டார அரசு அவற்றை மீட்கச் சட்டம் கொண்டுவந்தது. இன்று பல மேடைகள் உணவகங்கள். வலை பெரும்பாலும் காட்சிக்குத்தான். இது இழப்பு என்பார்கள் சிலர். எனக்கென்னவோ, சரிந்து போவதற்கு இது பரவாயில்லை என்றே படுகிறது.

இங்கே கெலோங் நடத்துவோருக்கு மரம் வாங்க, ஆள் பிடிக்க, படகுக்கு எண்ணெய் ஊற்ற, எல்லாவற்றுக்கும் மீன் விற்ற காசுதான் முதல் ஆதாரம். மீன் குறையும் மாதத்தில் முதலில் தள்ளிப்போவது கம்பம் மாற்றும் வேலை.