பிரெஞ்சு படித்தால் கடன் அடையுமா?

அமெரிக்கக் கல்வித் துறை 2013ஆம் ஆண்டு முதல் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற பெயரில் ஒரு கணக்கை வெளியிட்டு வருகிறது. எந்தக் கல்லூரியில் எந்தப் பட்டம் பெற்றவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார்கள் என்பதை அதில் யாரும் பார்க்கலாம். பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீசியம் என லத்தீன் வழி வந்த மொழிகளில் பட்டம் பெற்றவர்களின் வருமானம் பொறியியல், நர்சிங் படித்தவர்களின் வருமானத்துக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. பார்க்கும் பெற்றோருக்குப் பயம் வருவது இயல்பு.

இந்தப் பயம் இப்போது சட்டமாகவும் ஆகிவிட்டது. அதிபர் டிரம்ப் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட சட்டப்படி, ஒரு பட்டப்படிப்பை முடித்தவர்கள் நான்கு ஆண்டு கழித்து ஈட்டும் வருமானம், அந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட 25 முதல் 34 வயதுக்காரர்களின் வருமானத்தைவிடக் குறையக்கூடாது. மூன்றில் இரண்டு ஆண்டுகள் குறைந்தால், அந்தப் படிப்புக்கு அரசின் கல்விக் கடன் கிடையாது.

வருமானத்தையும் கடனையும் வெளிப்படையாகச் சொல்வதை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். பதினெட்டு வயதுப் பிள்ளை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாடு அது. திவாலானாலும் அந்தக் கடன் லேசில் விடாது. நாலு கோடிக்கும் அதிகமானோர் சுமார் 1.6 லட்சம் கோடி டாலர் அரசுக் கல்விக் கடனைச் சுமக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் கணக்கைக் காட்டாமல் இருப்பது பெரும் தவறு.

ஆனால் காட்டும் கணக்கு முழுதாக இருக்க வேண்டும். ஸ்கோர்கார்டில் முன்னால் நிற்கும் கடன் தொகை, மாணவர் தன் பெயரில் அரசிடம் வாங்கியது மட்டுமே. பெற்றோர் வாங்கும் கடன் தனியே ஓர் ஓரத்தில் இருக்கிறது. தனியார் வங்கிக் கடன் கணக்கிலேயே சேரவில்லை. வருமானமும் அரசு உதவி பெற்றவர்களுடையது மட்டும்தான். மொழித் துறைகள் பெரும்பாலும் சிறியவை என்பதால், பல கல்லூரிகளில் தனிநபர் விவரம் தெரிந்துவிடக் கூடாதென்று எண்ணையே மறைத்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் தன் பெயரில் அரசிடம் வாங்கக்கூடிய மொத்தக் கடன் 31,000 டாலர். 2025-26ஆம் கல்வியாண்டின் வட்டி 6.39 சதவீதம். முழுத் தொகையையும் இந்த வட்டியில் வாங்கிப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 350 டாலர் தவணை. பள்ளி ஆசிரியராகவோ மருத்துவமனை மொழிபெயர்ப்பாளராகவோ வேலைக்குப் போகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். பெற்றோர் கடன் சேரும்போதுதான் குடும்பம் ஆட்டம் காண்கிறது. அதே கல்வியாண்டில் அதன் வட்டி 8.94 சதவீதம். புதிய சட்டம் ஒரு பிள்ளைக்கு 65,000 டாலர் என்று இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த உச்சவரம்பு வரை வாங்கினால் இன்னொரு 820 டாலர் தவணை. ஓய்வுபெறும் வயதை நெருங்கும் தாய் தகப்பன் மாதாமாதம் கட்ட வேண்டிய பணம் இது.

சம்பளப் பக்கமும் நாம் நினைக்கிற அளவு வறண்டதல்ல. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் நாலு கோடிக்கும் மேல். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நடத்தும் சான்றுத் தேர்வு இன்று ஸ்பானிஷ் ஒன்றுக்கே உண்டு. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி, 2023இல் மொழிபெயர்ப்பாளரின் நடுமட்ட ஆண்டு வருமானம் 57,000 டாலரை ஒட்டி இருந்தது. பெரிய சம்பளமில்லைதான், ஆனாலும் பிழைக்க வழியுண்டு. மொழி ஆசிரியர்கள் விஷயத்தில்தான் நமக்கு ஆதங்கம். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐந்தாண்டு வேலை செய்யும் கணித, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை கடன் தள்ளுபடி உண்டு. அதே பள்ளியில் ஸ்பானிஷ் நடத்துபவருக்கு அதிகபட்சம் 5,000 டாலர். மொழிப் படிப்பில் வருமானம் இல்லை என்று சொல்லும் அரசு, இந்தப் பாகுபாட்டை முதலில் நீக்கட்டும்.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்ததை நம் வாசகர்கள் அறிய வேண்டும். நிதிப் பற்றாக்குறை என்று சொல்லி, 2023 செப்டம்பரில் 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியப் பணியிடங்களையும் வெட்டினார்கள். உலக மொழிகள் துறையே மூடப்பட்டது. ஸ்பானிஷ், சீன மொழி வகுப்புகளுக்கென்று சில ஆசிரியர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்றின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் அது. சுரங்கத் தொழிலாளியின் மகள் பிரெஞ்சு இலக்கியத்தில் பட்டம் பெற வேண்டுமென்றால், இனி அங்கே வழியில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமோ 2001ஆம் ஆண்டிலேயே உதவித் தொகையில் கடன் என்ற பகுதியை எடுத்துவிட்டு, இலவச மானியமாகத் தருகிறது. அங்கே ஒரு டிரைவரின் மகன் கடனே இல்லாமல் இத்தாலியன் படித்துவிட்டு வரலாம். பாடம் ஒன்றுதான், கற்பிக்கும் நூல்களும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவர் கடனின்றி வெளியே வர, இன்னொருவர் குடும்பத்தோடு கடனில் மூழ்குகிறார் என்றால், குற்றவாளி கட்டணம். மொழியைக் கூண்டில் ஏற்றுவதில் நியாயமில்லை.

தமிழர்களான நமக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் வேண்டும் என்றபோது, உலகெங்கும் உள்ள தமிழர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அங்கே தமிழ் படிப்பவருக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு யாரும் கொடுக்கவில்லை. ஒரு மொழியின் இலக்கியமும் வரலாறும் பல்கலைக்கழகத்தில் வாழ வேண்டும் என்ற எண்ணத்தில் கொடுத்தோம். சம்பளக் கணக்கைக் காட்டிப் பிரெஞ்சுத் துறையை மூடும்போது வேறு மொழிதானே என்று நாம் சும்மா இருந்தால், நாளை அதே கணக்கைத் தமிழுக்கு நீட்டும்போது பேச நமக்கு வாய் இருக்காது.

ஆகவே அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் நாலு வருடம் ஸ்பானிஷ் படித்த மகள் அதையே பட்டமாகப் படிக்கிறேன் என்றால், எடுத்த எடுப்பில் கணினி அறிவியலுக்குத் தள்ளாதீர்கள். நான்கு வருடத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன, அவள் பெயரில் எவ்வளவு, உங்கள் பெயரில் எவ்வளவு என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தையும், இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்து மாறுவதையும் சேர்த்துப் பாருங்கள். ஆசிரியப் பயிற்சியோ பொது சுகாதாரமோ கூடப் படிக்க முடியுமா என்று விசாரியுங்கள். உங்கள் பெயரில் கடன் இல்லாமல் முடியும் என்றால் தயங்காமல் படிக்க விடுங்கள். முடியாது என்றால், அவளைப் பாடத்தை மாற்றச் சொல்வதற்கு முன்னால் கல்லூரியை மாற்றிப் பாருங்கள்.