படத்தில் ஒன்றுமில்லையா?



சென்ற மாரிக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை, வாழவந்தியில் காப்பித் தோட்டத்தில் உழைக்கும் ஒரு குடும்பத்தார் நோயில்பூசுதலுக்காக நம்மை அழைத்தனர். வீட்டுப் பெரியவரின் வாய் ஒருபுறம் கோணியிருந்தது. வலக்கையும் வலக்காலும் துவண்டு கிடந்தன. பேச முயன்றார், சொல் எழவில்லை.

“இரவு பத்து மணிக்கே இப்படி ஆகிவிட்டது சாமி. மழையில் எங்கே போவது, விடியட்டும் என்றிருந்தோம்” என்றார் மகன்.

பூசுதலை முடித்த கையோடு ஜீப்பில் ஏற்றிச் சேலத்திற்குக் கொண்டு சென்றோம். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், “இரத்தக்கசிவு ஒன்றுமில்லை” என்றார். மகனின் காதில் கடைசிச் சொல் மட்டுமே விழுந்தது. “ஒன்றுமில்லையாம் சாமி, வீட்டுக்குப் போகலாம்” என்று மகிழ்ந்தார்.

அச்சொல்லின் பொருளை நம் குடும்பங்கள் யாவும் அறிந்திருத்தல் நலம்.

மூளை இரு பாதிகளாய் அமைந்தது. இடப்பாதி வலக்கை, வலக்கால்களை இயக்குகிறது. வலப்பாதி இடப்புறத்தை இயக்குகிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சுக்குரிய இடமும் இடப்பாதியிலேயே உள்ளது. ஆகவேதான் வலப்புறம் செயலிழந்த பலருக்குப் பேச்சும் உடன் போகிறது. 1861-இல் பாரிசில் புரோக்கா என்னும் மருத்துவர், பேச்சிழந்த ஒருவர் இறந்தபின் அவர் மூளையைத் திறந்து பார்த்தே இதற்குச் சான்று கண்டார். உயிரோடிருப்பவரின் மூளையைக் காணும் வழி அன்று இல்லை.

1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்பீல்டு என்பாரின் கருவி அவ்வழியைத் திறந்தது. தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, கணிப்பொறியால் கணக்கிட்டு, ரொட்டியை வில்லை வில்லையாய் அரிந்தாற்போல் மூளையைக் காட்டுவதே சி.டி. ஸ்கேன்.

பக்கவாதம் இருவகை. இரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று. வெடித்துக் கசிவது மற்றொன்று. வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கசிந்த இரத்தம் படத்தில் உடனே வெண்மையாய்த் தெரியும். அடைப்பினால் வாடும் பகுதியோ முதற்சில மணி நேரம் பெரும்பாலும் வேறுபாடின்றித் தோன்றி, பின்னரே கருக்கும். ஆகவே ‘கசிவில்லை’ என்றால் நோயில்லை என்பதன்று; அடைப்பாயிருக்கலாம் என்பதே. அடைப்பைக் கரைக்கும் ஊசியைக் கசிவுள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே கேடு. அதனை அறியவே முதலில் படம் எடுக்கின்றனர். அவ்வூசியையும் பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். நம் பெரியவருக்கோ அந்நேரம் இரவிலேயே கழிந்துவிட்டது.

மருத்துவர் இவற்றை விளக்கியபின் மகன் தங்கிச் சிகிச்சை பெறச் செய்தார். இன்று பெரியவர் கோலூன்றி நடக்கிறார். பேரனின் பெயரை மட்டும் தெளிவாய்ச் சொல்கிறார்.

ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடக்கும் நேரமும் கணக்கில் சேரும். ஆதலால் வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ விடியலுக்குக் காத்திராதீர்கள். நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வாயில் நீரோ மாத்திரையோ கொடாதீர்கள்.

குருவானவரையும் அழையுங்கள், ஆனால் வண்டியை முதலில் அழையுங்கள். நாம் சேலத்திற்கே வந்து பூசுவோம்.