விலக்கு உண்டு, பாதுகாப்பு இல்லை: பரமட்டா சிறு வணிகங்களை எதிர்நோக்கும் இணைய ஆபத்து

ஆஸ்திரேலியாவில் 2022ஆம் ஆண்டில் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனமும் மெடிபேங்க் மருத்துவக் காப்புறுதி நிறுவனமும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. இரண்டிலும் தலா 90 லட்சத்துக்கும் அதிகமானோரின் தனிப்பட்ட விபரங்கள் களவு போயின. அதன் பின்னர் அந்நாட்டின் சட்டங்கள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டு வருகின்றன.

சிட்னியின் மேற்கே உள்ள பரமட்டாவிலும், அதனை ஒட்டித் தமிழர்கள் கணிசமாக வாழும் வென்ட்வொர்த்வில், டூங்காபி போன்ற பகுதிகளிலும் மளிகைக் கடைகள், கணக்காளர் அலுவலகங்கள், சிகிச்சையகங்கள் எனச் சிறு வணிகங்கள் பல இயங்குகின்றன. இச்சட்டங்கள் பெரிய நிறுவனங்களுக்கே உரியவை என்று இவற்றின் உரிமையாளர்கள் கருதினால் அதில் வியப்பில்லை.

ஆண்டு விற்றுமுதல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்களைத் தாண்டாத பெரும்பாலான வணிகங்களுக்கு, 1988ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பதே இதற்குக் காரணம்.

ஆனால் அந்த விலக்கு முழுமையானதல்ல. மருத்துவச் சேவை வழங்குவோருக்கு, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அது பொருந்தாது. ஒரே ஒரு மருத்துவர் நடத்தும் சிகிச்சையகமும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே.

இதன் விளைவு என்ன என்பதை 2025ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ஒரு தீர்ப்பு காட்டுகிறது. சுமார் 2,23,000 பேரின் விபரங்கள் களவு போன விவகாரத்தில், ஆஸ்திரேலியன் கிளினிக்கல் லேப்ஸ் என்ற பரிசோதனைக்கூட நிறுவனத்துக்கு சமஷ்டி நீதிமன்றம் 58 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இதில் 16 லட்சம் டாலர், தாக்குதலை உரிய காலத்தில் ஆராயாததற்கும் அதிகாரிகளுக்கு விரைந்து அறிவிக்காததற்கும் உரியது என்பது குறிப்பிடத்தக்கது.

தனியுரிமைச் சட்டத்துக்கு வெளியிலும் ஆபத்து உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மோபியஸ் என்ற நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குள் ஊடுருவிய மோசடிக்காரர்கள், தங்களது வங்கிக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு அதன் வாடிக்கையாளரான இனோடெக் நிறுவனத்துக்குப் பட்டியல் அனுப்பினர். இனோடெக் தொலைபேசியில் விசாரித்தது. எனினும், இறுதி உறுதிப்பாட்டை மின்னஞ்சல் வழியாகவே பெற்றது. அதை அனுப்பியவர்களும் மோசடிக்காரர்களே. 2,35,400 டாலர் பறிபோனது. ஒரு பகுதியே மீட்கப்பட்டது.

ஊடுருவப்பட்டது மோபியஸின் மின்னஞ்சல்தான். ஆயினும், மீண்டும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்திருந்தால் இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்று கருதிய மாவட்ட நீதிமன்றம், மீதமுள்ள சுமார் 1,91,859 டாலரை இனோடெக் மோபியஸுக்குச் செலுத்த வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஒரே கடனுக்கு இருமுறை பணம் செலுத்தும் நிலை அந்நிறுவனத்துக்கு ஏற்பட்டது.

இத்தகைய வழக்கில் விற்றுமுதல் வரம்பு எதுவும் இல்லை. கட்டட ஒப்பந்தக்காரரும் மொத்த வியாபாரியும் அன்றாடம் பெறும் பட்டியல்களிலும் இதே ஆபத்து உள்ளது. மோசடித் தொகை ஒரு பெருநிறுவனத்தின் கணக்கில் சிறு நட்டமாக முடியலாம். குடும்பத்தினர் நடத்தும் வணிகத்தையோ அது முற்றாக மூடச் செய்துவிடலாம்.

சிறு வணிக விலக்கை நீக்குவதற்கு ஆஸ்திரேலிய அரசு 2023ஆம் ஆண்டு கொள்கையளவில் இணங்கியது. ஆனால், 2024ஆம் ஆண்டு நிறைவேறிய திருத்தங்களில் அது இடம்பெறவில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருப்பது விவேகமாகாது. வங்கிக் கணக்கு எண் மாறியதாகத் தகவல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விடுத்து, ஏற்கனவே கைவசமுள்ள எண்ணில் அழைத்து உறுதிசெய்வது, மின்னஞ்சலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஏற்படுத்துவது, தேவையற்ற வாடிக்கையாளர் விபரங்களை அழித்துவிடுவது ஆகியன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இவற்றைச் செய்யத் தவறுவதன் விலையை நீதிமன்றங்கள் ஏற்கனவே கணக்கிடத் தொடங்கிவிட்டன.