செத்தவன் கைநாட்டு

செத்துப்போன ஒருவனுடைய கட்டைவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் ஒற்றி, சொத்தை எழுதி வாங்கிக் கொண்டான் என்று ஒரு ஆசாமியைப் பற்றிக் கேள்விப்பட்டால், ஊரார் அவனை என்னவென்று சொல்லுவார்கள்? மோசக்காரன் என்பார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனால் தண்டனையும் கிடைக்கும். "ரேகை செத்தவனுடையதுதானே, அதில் என்ன பொய்?" என்று அவன் வாதாடினால் யாராவது ஒப்புக் கொள்ளுவார்களா? ரேகை செத்தவனுடையதுதான், ஆனால் அதை ஒற்றின கை வேறு, சம்மதித்த மனசு வேறு. அதனால்தான் அதற்கு மோசடி என்று பெயர்.

இதே காரியத்தை விரலுக்குப் பதிலாகக் குரலை வைத்துக் கொண்டு செய்தால் மாத்திரம் அதற்கு அஞ்சலி என்றும், கலை என்றும், புது ஆல்பம் என்றும் பெயர் வந்து விடுகிறது. அமெரிக்காவில் ராப் பாட்டுக்காரர்கள் செத்த பிறகு அவர்கள் பெயரால் வெளிவரும் இசைத்தட்டுகளைப் பற்றியே இதைச் சொல்லுகிறோம்.

ராப் என்பது 1970-களில் நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பர்களும் அவர்களோடு வாழ்ந்த பிற ஏழைகளும் உண்டாக்கின கலை. தாளத்தின் மேல் சொல்லை அடுக்கி, பாட்டாகவும் பேச்சாகவும் சொல்லிக் கொண்டு போவது அது. இதில் ராகத்தைவிட வார்த்தைக்குத்தான் மதிப்பு. எந்த வார்த்தையை எந்தத் தாளத்தில் போட்டான், எங்கே மூச்சு வாங்கினான், எங்கே அவசரப்பட்டான், எங்கே நிறுத்தினான் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதன் அர்த்தம். தாளத்தை மாற்றினால் அர்த்தமே மாறிப்போகும்.

இந்தக் கலையில் பேர் பெற்றவர் டூபாக் ஷக்கூர். 1971 ஜூன் மாதம் பிறந்தவர். அவருடைய தாயார் அஃபேனி ஷக்கூர், கறுஞ்சிறுத்தைக் கட்சியில் இருந்து, சதி வழக்கில் சிறைப்பட்டு, கர்ப்பிணியாகவே கோர்ட்டில் தமக்குத் தாமே வாதாடி, பிள்ளை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னே விடுதலை பெற்ற அம்மையார். அப்பேர்ப்பட்ட வயிற்றில் பிறந்த பிள்ளை, போலீசாரின் அட்டூழியத்தையும், கறுப்பர் குடியிருப்பின் வறுமையையும் மூடி மறைக்காமல் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை பெற்றுத் தெருவுக்கு வந்த கதையை 1991-ல் பாடினார். அந்த ஆல்பத்திற்குச் சமூகத்தில் இடமே இல்லை என்று 1992-ல் அமெரிக்க உதவி ஜனாதிபதி டான் குவேல் கண்டித்தார். அவ்வளவு தூரம் பெரிய இடத்தைச் சுட்டது அந்தப் பேச்சு!

அவரை ஒரு மகான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு பெண்ணிடம் முறைகேடாய் நடந்த குற்றத்திற்காக 1995-ல் சிறையிலிருந்தவர்தான். அவருடைய பாட்டில் கோபமும் உண்டு, வீம்பும் உண்டு, பெண்களை இழிவாய்ப் பேசுவதும் உண்டு. நல்லதும் கெட்டதுமாய் அது ஒரு மனிதனுடைய வாக்குமூலம். வாக்குமூலத்திற்கு மதிப்பு, அது அவன் வாயிலிருந்து வந்தபடி இருப்பதில்தான் இருக்கிறது.

1996 செப்டம்பர் 7-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரத்தில் அவர் சுடப்பட்டார். 13-ந் தேதி இறந்தார். வயது 25. உயிரோடிருந்தபோது அவர் தனிப் பெயரில் வெளியிட்ட ஆல்பங்கள் நான்கு. இறந்த பிறகு, 1996 முதல் 2006 வரையில் பத்து வருஷத்திற்குள் வெளிவந்தவை ஏழு! இந்த ஏழில், மாக்கவெலி என்ற புனைபெயரில் அந்த நவம்பரில் வந்த ஒன்றைத்தான் அவர் தாமே முடித்து வைத்துவிட்டுப் போனார். மற்ற ஆறும் பிறத்தியார் கை பட்டவை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இருந்த காலத்தில் இரண்டு முறை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இறந்த பிறகு மூன்று முறை பிடித்தது.

இது எப்படிச் சாத்தியமாகிறது? இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பாட்டைப் பதிவு செய்யும்போது குரலை ஒரு தடத்திலும், மேளத்தை ஒரு தடத்திலும், மற்ற வாத்தியங்களை வேறு வேறு தடங்களிலும் தனித்தனியே பதிந்து, பிறகு ஒன்றாய்ச் சேர்ப்பார்கள். ஆகையால் குரலை மாத்திரம் உருவி எடுத்து, வேறொரு மேளத்தின் மேல் ஒட்ட வைக்கலாம். மேளம் வேகமாய் இருந்தால் குரலை அவசரப்படுத்தலாம். மெதுவாய் இருந்தால் இழுத்து விடலாம். கூட்டாளி பாடிய பகுதியை அழித்துவிட்டு, இன்றைக்கு விலைபோகும் ஆசாமியைக் கொண்டு வந்து நிறுத்தலாம்.

2004-ல் வந்த 'லாயல் டு த கேம்' என்ற ஆல்பத்தைப் பார்ப்போம். இதைத் தாயாரின் அனுமதியோடு செய்தவர் எமினெம் என்ற பிரபல வெள்ளைக்கார ராப் பாட்டுக்காரர். அவர் திறமைசாலி, டூபாக்கிடம் அன்பும் மரியாதையும் உள்ளவர், இதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் செய்தது என்ன? 1990-களின் தொடக்கத்தில் பதிந்த குரலைத் தம்முடைய புது மேளத்திற்குப் பொருந்துமாறு வேகத்தையும் சுருதியையும் மாற்றினார். அது மாத்திரமல்ல; அங்கொரு ஓசை இங்கொரு ஓசையாக வெட்டி ஒட்டி, 'ஜி-யூனிட்' என்ற குழுவின் பெயரை டூபாக் வாயாலேயே சொல்ல வைத்தார். டூபாக் இறந்தபோது அப்படி ஒரு குழு உலகத்திலேயே இல்லை! ஏட்டில் இல்லாததைப் பின்னால் வந்தவன் எழுதி நுழைத்தால் அதை இடைச்செருகல் என்கிறோம். இது குரலில் செய்த இடைச்செருகல்.

நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்று பேர் கொண்ட கிறிஸ்டபர் வாலஸ் 1997 மார்ச் 9-ந் தேதி சுடப்பட்டு இறந்தார். அவர் முடித்து வைத்திருந்த இரட்டை ஆல்பம் பதினாறு நாளில் வெளிவந்தது, அது அவருடையதே. 2005-ல் வந்த 'டூயட்ஸ்' என்ற ஆல்பமோ, பழைய குரலைத் துண்டு துண்டாக எடுத்துப் பலரோடு ஜோடி சேர்த்தது. அதில் ஒரு பாட்டில் ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். மார்லி 1981-ல் இறந்தபோது வாலஸுக்கு எட்டு வயது. செத்தவர் இருவரைச் சேர்த்து வைத்து ஜோடிப் பாட்டு என்றால், அந்த ஜோடிக்குச் சம்மதம் சொன்னது யார்?

2012 ஏப்ரலில் கலிபோர்னியாவில் கோச்செல்லா என்ற இசை விழாவின் மேடையில் டூபாக்கே உயிரோடு வந்து நின்றதுபோல் ஒரு பிம்பத்தைக் காட்டினார்கள். கூட்டம் மெய்சிலிர்த்ததாம். சாய்வாய் வைத்த கண்ணாடியில் பிம்பத்தை விழவைத்து ஆவி என்று காட்டும் வித்தையை, லண்டனில் பெப்பர் என்பவர் 1862-லேயே நாடக மேடையில் காட்டி விட்டார். இது அதன் புது அவதாரம். அந்தப் பிம்பம் கூட்டத்தைப் பார்த்து விழாவின் பெயரைச் சொல்லி அழைத்தது. ஆனால் அந்த விழா தொடங்கியதே 1999-ல்! மூன்று வருஷத்திற்கு முன்னே செத்தவன் அதன் பெயரை எப்படி அறிந்தான் என்று கேட்க ஒரு பகுத்தறிவாளனும் வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்த சிறுபிள்ளை போதும்.

இனி, இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானங்களைக் கவனிப்போம்.

முதலாவது, "புது மேளம் போடாவிட்டால் இந்தக் காலத்து வாலிபர்கள் கேட்கமாட்டார்கள், அவன் சொன்னது பெட்டியிலேயே மக்கிப் போகும்" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகிறோம். போலீஸ், வறுமை, நிற வெறி இவற்றைப் பற்றி 1992-ல் பதிவான 'சேஞ்சஸ்' என்ற பாட்டு, மாற்றியமைக்கப்பட்டு 1998-ல் வெளிவந்து உலகமெல்லாம் பரவியது. 2005-ல் 'கெட்டோ காஸ்பல்' என்ற பாட்டு, எல்டன் ஜான் 1971-ல் பாடினதில் ஒரு துண்டைப் பல்லவியாய் ஒட்டிக் கொண்டு, இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. நல்லது, ஜனங்கள் கேட்டார்கள். ஆனால் புதுசை வெளியிடுவதற்காகப் பழசை ஏன் ஒளிக்க வேண்டும்? இரண்டையும் சேர்த்து வெளியிட்டால் யார் தலை போய்விடும்? இதற்கு மாத்திரம் பதில் காணோம். மாற்றப்படாத மூலப் பதிவுகளை ரசிகர்கள் திருட்டுத்தனமாய்க் கைக்குக் கை மாற்றிக் கொண்டு கேட்க வேண்டியிருந்தது. உண்மையானது திருட்டுச் சரக்கும், ஒட்டுப் போட்டது கடைச் சரக்குமாக ஆயிற்று!

இரண்டாவது, "வாரிசு அனுமதி கொடுத்து விட்டார், சட்டப்படி சரி" என்கிறார்கள். அஃபேனி அம்மையார் மகனுடைய பதிவுகளுக்காகக் கம்பெனிகளோடு போராடியவர். அவர் மேல் நமக்குக் குறையில்லை. 2016-ல் அவரும் காலமாகி விட்டார். ஆனால் வாரிசுக்கு வருவது சொத்து. மகனுடைய வீட்டைத் தாய் விற்கலாம். மகன் சொல்லாத சொல்லைச் சொன்னதாகச் சாட்சி சொல்ல முடியுமா? 2024 ஏப்ரலில் டிரேக் என்ற பாட்டுக்காரர், செயற்கை அறிவு யந்திரத்தைக் கொண்டு டூபாக்கின் குரலைப்போல் உண்டாக்கித் தம் சண்டைப் பாட்டில் சேர்த்துக் கொண்டார். டூபாக்கின் சொத்தை நிர்வகிப்பவர்கள் வக்கீல் நோட்டீஸ் விட, அவர் பாட்டை எடுத்து விட்டார். நோட்டீஸ் விட்டது மிகவும் சரி. ஆனால் ஒன்று கேட்கிறோம்: 2024-ல் யந்திரம் செய்தது தப்பு என்றால், 2004-ல் கத்திரிக்கோல் செய்தது மாத்திரம் எப்படிச் சரியாகும்? முன்னதற்கு அனுமதி இல்லை, பின்னதற்கு உண்டு என்பதுதானே வித்தியாசம்? இரண்டிலும் டூபாக்கின் அனுமதி இல்லை. இல்லாத சொல்லை வாயில் போட்டது இரண்டிலும் ஒன்றுதான்.

மூன்றாவதுதான் கொஞ்சம் கெட்டியான வாதம். "ராப் கலையே பிறத்தியார் இசைத்தட்டிலிருந்து துண்டு எடுத்து ஒட்டுவதில் பிறந்தது, ஒரே பாட்டைப் பல மேளத்தில் போடுவது அதன் வழக்கம், இன்றைக்கு மாத்திரம் என்ன சுத்தம் பேசுவது?" என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் உயிரோடிருப்பவன் அப்படிச் செய்யும்போது, பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லுகிறான். பிடித்தால் தன் பெயரைப் போடுகிறான். ஒட்டுத் துணி தைப்பது தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஒட்டுத் துணியை முழுத் துணி என்று விற்பதுதான் தப்பு. எமினெம் தம் பெயரில், "டூபாக் குரலைக் கொண்டு நான் செய்தது" என்று வெளியிட்டிருந்தால் நாமும் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்போம்.

யோக்கியமாய்ச் செய்ய முடியாததல்ல இது. மாக் மில்லர் என்ற பாட்டுக்காரர் 2018 செப்டம்பரில் இறந்தார். அவரோடு கூட இருந்து வேலை செய்துகொண்டிருந்த ஜான் பிரையன், அவருடன் பேசி வைத்திருந்ததைக் கொண்டு பாதியில் நின்ற ஆல்பத்தை முடித்தார். 2020-ல் வெளியிடும்போது குடும்பத்தார் இந்த விவரத்தை ஒளிக்காமல் சொன்னார்கள். கேட்பவன் தெரிந்து கேட்டான். அவ்வளவுதானே வேண்டியது?

நாம் கேட்பது அதிகமில்லை. எந்த வருஷம் பதிந்தது, எந்த வருஷம் யார் மாற்றினார், எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்பதை ஆல்பத்தின் மேலேயே அச்சடிக்க வேண்டும். மாற்றின பாட்டு வரும்போதெல்லாம், அவன் விட்டுப்போன மூலமும் கரகரப்போடும் குறையோடும் கூடவே வெளிவர வேண்டும். அவன் சொல்லாத ஒரு வார்த்தையையும், யார் அனுமதித்தாலும், அவன் வாயில் போடக் கூடாது. மருந்துப் புட்டியின் மேல் உள்ளே இருப்பது என்னவென்று எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, மனிதனுடைய சொல்லுக்கு அவ்வளவு மரியாதைகூட இல்லையா?

இது வெறும் பாட்டுச் சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பணமும் பதவியும் உள்ளவன் தன் சொல்லைப் பாதுகாத்து வைக்க ஆயிரம் வழி உண்டு. தெருவில் பிறந்து தெருவில் சுடப்பட்டவனுக்கு மிஞ்சுவது அந்த ஒலிநாடா ஒன்றுதான். அதையும் கடைக்காரனுடைய சௌகரியத்திற்கு வெட்டித் தைத்தால், ஐம்பது வருஷம் கழித்து அந்த ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தெரிந்து கொள்ள நினைப்பவன், கம்பெனி சொன்னதைத்தான் அவர்கள் சொன்னதாக நம்புவான். 2010-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் தேசத்தின் ஒலிப்பதிவுப் பட்டியலில் டூபாக்கின் பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது எடுத்துக் கொண்டது, தாயைப் பற்றி 1995-ல் அவரே முடித்து வெளியிட்ட பாட்டைத்தான்.

ஆகவே வாங்குகிறவர்களுக்குச் சொல்லுகிறோம்: இறந்தவன் பெயரால் புதுச் சரக்கு வரும்போது, "இதில் அவன் எவ்வளவு? மூலம் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காசைப் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். செத்தவனால் ஆட்சேபிக்க முடியாது. உயிரோடிருக்கிற நாம்தான் அவனுக்காக ஆட்சேபிக்க வேண்டும்.