விம் தெரிந்தால்தான் புரோகிராமரா?

விம் எடிட்டரில் மவுசைத் தொடாமல் எல்லாம் செய்யலாம், அதனால் வேகம் கூடும், ஆகவே தேர்ந்த புரோகிராமர் கடைசியில் அங்கேதான் வந்து சேர வேண்டும் என்கிறார்கள். மவுஸ் வேண்டாம் என்பது உண்மை. மற்றதெல்லாம் தர்க்கத் தாவல்.

ஒன்று. விம்முக்கு மூத்த 'விஐ'யை பில் ஜாய் 1976-இல் எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே இருந்தன. விஐயில் அடிக்கடி தட்ட வேண்டிய எஸ்கேப் விசையோ இன்று டேப் இருக்கும் இடத்தில், விரலுக்குப் பக்கத்தில். மோடம் நொடிக்கு 300 பிட். திரையை மறுபடி வரையவே காத்திருக்க வேண்டும். கட்டளை ஓரெழுத்தாய்ச் சுருங்கியதில் வியப்பில்லை. அந்த நெருக்கடிக்கு அருமையான விடைதான். அந்த நெருக்கடி உங்கள் மேசையில் இருக்கிறதா?

இரண்டு. நாள் முழுக்கத் தட்டச்சா செய்கிறீர்கள்? பிறர் எழுதியதைப் படிப்பதும் பிழை தேடுவதும் தானே பாதி வேலை? அங்கே விரல் வேகம் எதை மிச்சப்படுத்தும்?

மூன்று. சர்வரில் விஐ மட்டுமே இருக்கும் என்பார்கள். சரி. திருத்த, சேமிக்க, வெளியேறத் தெரிந்தால் போதும். அது ஒரு மதியத்து வேலை.

நான்கு. 2016-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், குறிப்பறிந்து நிரப்புவதையும் வரையறைக்குத் தாவுவதையும் எந்த எடிட்டருக்கும் பொதுவாக்கியது. 2021-இல் விம்மின் கிளையான நியோவிம்மே அதை உள்ளே சேர்த்துக்கொண்டது. விம் விசைகளோ மைக்ரோசாப்டின் எடிட்டரான விஎஸ் கோடில் நீட்சியாகக் கிடைக்கின்றன. பிறகு யார் யாரிடம் வந்து சேர்ந்தார்கள்?