பெயிண்டைப் பார்த்து லேத் வாங்காதீர்கள்

போன மாதம் அக்காள் மகன் தன் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கோவை கணபதிப் பக்கம், தகரக் கொட்டகை. உள்ளே ஆறடி லேத் ஒன்று பச்சைப் பசேலென்று மின்னிக்கொண்டு நின்றது.

"பாருங்க மாமா, புதுசாட்டவே இருக்குதில்லீங்க?" என்றான். பழைய மெஷின்தான். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியிருக்கிறான்.

சாடிலைச் சக் பக்கத்திலிருந்து டெயில்ஸ்டாக் வரைக்கும் கையால் ஓட்டிப் பார்த்தேன். சக் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. கடைசி ஒன்றரை அடியில் இறுகிப் பிடித்தது. லேத்தில் முக்கால்வாசி வேலை சக்கை ஒட்டித்தான் நடக்கும். பெட் அங்கேதான் தேயும். அந்தத் தேய்மானத்துக்குத் தக்கபடி சாடிலை டைட் வைத்தால், தேயாத வால் பக்கத்தில் பிடிக்கத்தான் செய்யும். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பினேன். கால் சுற்று சும்மாவே சுற்றியது. அவனிடம் எப்படிச் சொல்வதென்று கொஞ்ச நேரம் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிர் நிறத்தில் அடித்தால் எண்ணெய் ஒழுகுவது உடனே தெரியும், பிசிறும் அழுக்கும் தெரியும். ஆனால் அது கடைசி வேலை. கழற்றி, கழுவி, புஷ், பேரிங் பார்த்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். இப்போது விற்கிறவர்கள் பலர் முதல் வேலையாகவே அதைச் செய்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே புட்டி, அதன் மேல் எனாமல். ஆறு மாதத்தில் தோல் மாதிரி உரியும்.

பெயிண்ட் படவே கூடாத இடங்கள் உண்டு. பெட்டின் வழுக்குப் பரப்பு, டயலில் உள்ள கோடுகள், கியர் பாக்ஸில் இருக்கிற திரெட் சார்ட் பிளேட், எல்லாவற்றுக்கும் மேலாக ஆயில் ஹோல்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நானே அந்தத் தப்பைச் செய்தவன்.

அப்ரண்டிஸாக இருந்த காலம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பிரஷ்ஷைக் கொடுத்து ஒரு லேத்துக்கு அடிக்கச் சொன்னார்கள். ஆசை ஆசையாக ஓர் இடம் விடாமல் அடித்தேன். லீட் ஸ்க்ரூவின் வால் பக்கத்து பிராக்கெட்டில் இருந்த ஆயில் ஹோலும் மூடிப்போனது. பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த புஷ் கீச்சிட ஆரம்பித்தது. கழற்றினால் உள்ளே பொட்டு எண்ணெய் இல்லை. போர்மேன் திட்டவில்லை. ஒரு ஊசியைக் கொடுத்து, ஷாப்பில் உள்ள எல்லா மெஷினிலும் ஹோல்களைத் தேடிக் குத்தச் சொன்னார். இரண்டு நாள் ஆனது. ஹோலில் தீக்குச்சியைச் சொருகிவிட்டு, பளபளப்பான பாகங்களில் கிரீஸ் தடவிவிட்டுப் பெயிண்ட் அடிக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டுக்கே 90 பிபிஎம் என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, ஈரத்தை உடனே துடைத்துவிடுங்கள். வார்ப்பிரும்பு துருப்பிடிக்க நேரம் ஆகாது. பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நான் உண்மையைச் சொன்னதும் அவன் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நகையை எப்பங்க மாமா மீட்டறது?" என்றான். பெட்டைக் கிரைண்டிங்குக்குக் கொடுக்க இப்போது கையில் காசில்லை. நீளமான வேலைகளை எடுக்காதே, புஷ், வாஷர், சின்னச் சின்ன உருப்படிகள் மட்டும் செய் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டினோம். இதுவரை ஏழு ஆயில் ஹோல்கள் கிடைத்திருக்கின்றன. ஏப்ரன் பக்கம் இன்னும் ஒன்று இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.